தப்பித்தலா, எதிர்ப்பா? செக் நாட்டின் டிராம்ப் பாட்டும் துப்பறியும் கதையும்

யாரோஸ்லாவ் வெலின்ஸ்கி 1932 டிசம்பரில் பிராகில் பிறந்தார்; 2012இல் மறைந்தார். துப்பறியும் நாவல்களும் அறிவியல் புனைகதைகளும் எழுதினார். ஓட்டா ஃபிங்க் என்ற பாத்திரத்தைச் சுற்றி அவர் எழுதிய துப்பறியும் கதைவரிசை செக் வாசகர்களுக்கு நன்கு தெரிந்தது. அதே மனிதர் 'கேப்டன் கிட்' என்ற பட்டப்பெயரோடு பாட்டுக் கட்டிப் பாடியவர். வடபொஹீமியத் தொழில்நகரமான ஊஸ்தி நாட் லாபெமில் 1967இல் தொடங்கிய போர்டா பாடல்விழாவை உருவாக்கியவர்களில் ஒருவர். ஜெர்மானியப் படை பிராகுக்குள் நுழைந்தபோது அவருக்கு வயது 6. கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைக் கைப்பற்றியபோது 15. சோவியத் டாங்கிகள் வந்தபோது 35. அந்த ஆட்சி விழுந்தபோது 56. செக் நாட்டின் இருபதாம் நூற்றாண்டுத் திருப்பங்கள் பலவும் இந்த ஓர் ஆயுளுக்குள் அடங்கிவிடுகின்றன.

எழுத்தாளர் சங்கத்தின் உயர்பீடத்தில் இருந்தவரைப் பற்றியோ, சிறையில் இருந்தவரைப் பற்றியோ தீர்ப்புச் சொல்ல வரலாற்றாசிரியர்களிடம் அளவுகோல்கள் இருக்கின்றன. இரண்டிலும் சேராமல், வார இறுதியில் காட்டில் பாடிக்கொண்டு, வாரநாளில் கொலைமர்மக் கதை எழுதிக்கொண்டிருந்தவரை எங்கே வைப்பது? அவருடைய கலை ஆட்சியிடமிருந்து தப்பித்து ஓடியதா, ஆட்சியை எதிர்த்ததா, அல்லது ஆட்சியைப் பொருட்படுத்தாமல் தன் வழியில் வாழ்ந்ததா? கேள்வி வெலின்ஸ்கியோடு பிறந்ததன்று. அவர் பிறப்பதற்கு முன்பே, 1920களில் அது எழுந்துவிட்டது. விடைகள் ஆட்சிக்கு ஆட்சி மாறியிருக்கின்றன. அவற்றை வரிசைப்படுத்தி எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை.

ஆற்றங்கரையில் தொடங்கியது

முதல் உலகப்போர் முடிந்து செக்கோஸ்லோவாக்கியா பிறந்த சில வாரங்களில், 1918 டிசம்பரில், புதிய குடியரசு எட்டு மணிநேர வேலைநாளைச் சட்டமாக்கியது. பிராகின் இளம் தொழிலாளிகளுக்கும் கடைச் சிப்பந்திகளுக்கும் ஓய்வென்று ஒன்று கையில் கிடைத்தது. சனிக்கிழமை வேலை முடிந்ததும் ரயிலேறித் தெற்கே வல்தவா, சாசவா ஆற்றங்கரைகளுக்குப் போனார்கள். சாரணர் இயக்கத்தின் கூடாரமும் தீயும் வேண்டும், அதன் சீருடையும் கட்டளையும் வேண்டாம் என்று நினைத்தவர்கள் இவர்கள். 'காட்டுச் சாரணர்கள்' என்று முதலில் அழைக்கப்பட்டார்கள். பிறகு டிராம்ப் என்ற பெயர் நிலைத்தது. வல்தவா பாறைகளுக்கிடையே சுழித்தோடிய இடத்தில் 'தொலைந்த நம்பிக்கை' என்ற பெயரில் அவர்கள் அமைத்த குடியிருப்பே இந்த இயக்கத்தின் தாய்வீடாகப் பேசப்படுகிறது. பின்னர் ஷ்டெஹோவித்செ அணை கட்டப்பட்டபோது அந்த விரைவோட்டமே நீருக்கடியில் போய்விட்டது.

அவர்களுடைய கற்பனை நிலம் அமெரிக்கா. அது அவர்களுக்கு வந்து சேர்ந்த வழிகள் கார்ல் மேயின் செவ்விந்தியக் கதைகள், ஜாக் லண்டனின் நூல்கள், ஊமைப்பட வெஸ்டர்ன்கள். குடியிருப்புக்கு ஒரு ஷெரீஃப், அகன்ற விளிம்புத் தொப்பி, ஆங்கிலப் பட்டப்பெயர்கள், தீயைச் சுற்றிய கூட்டத்துக்குப் 'பொட்லாட்ச்' என்று பெயர். சாசவாக் கரையோர ரயில்பாதையைக்கூடப் 'பசிஃபிக்' என்றே அழைத்தார்கள். இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். பாட்டும் இதே கிணற்றிலிருந்து வந்தது. தெரிந்த மெட்டுக்குப் புதுச்சொல் கட்டுவதில் தொடங்கி, 1920களின் இறுதிக்குள் சொந்த மெட்டுகளாகி, இசைத்தட்டுக்கும் மேடை நாடகத்துக்கும் போய்விட்டது. நயாகராவைப் பற்றி இன்றுவரை பாடப்படும் பாட்டுக்கு இசையமைத்த எட்வர்ட் இங்க்ரிஷ் பிற்பாடு பெருவுக்குக் குடியேறி, 1950களில் மரத்தெப்பம் கட்டிப் பசிபிக் கடலில் இருமுறை இறங்கினார். பாட்டில் கற்பனை செய்த சாகசத்தைப் பின்பு உடம்பாலேயே செய்து பார்த்த மனிதர் என்பதற்காக அவரைத் தனியே நினைவுகூரத் தோன்றுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, கதையும் பாட்டும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாக இருந்தன என்பது. 1935 முதல் 1944 வரை வாராவாரம் வந்த 'ரொடோகாப்ஸ்' என்ற மலிவுவிலை நாவல் வரிசையை வாங்கியவர்களில் பலர் இந்த ஆற்றங்கரைக்குப் போனவர்கள்தாம். இயக்கத்தின் முதல் வரலாற்றை 1940இல் எழுதி வெளியிட்டவர் பாப் ஹுரிகான் என்ற புனைபெயர் கொண்ட யோசெஃப் பெடெர்கா. டிராம்ப் பாடல்களை இயற்றிப் பாடியவரும், சாகசக் கதைகள் எழுதியவரும் அவரே. வெலின்ஸ்கிக்கு ஒரு தலைமுறை முன்பே அதே இரட்டை வாழ்க்கை! இதைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். ஆனால் இலக்கிய வரலாறு கதையை ஒரு அலமாரியிலும் இசை வரலாறு பாட்டை இன்னொரு அலமாரியிலும் வைத்துவிட்டதால், இந்த இணைப்பு பேசப்படாமலே நெடுங்காலம் கிடந்தது.

அரசின் முதல் பதிலும் விரைவிலேயே வந்தது. 1931இல் பொஹீமிய மாகாண நிர்வாகத் தலைவர் ஹ்யூகோ குபாட், மணமாகாத ஆணும் பெண்ணும் சேர்ந்து கூடாரமடிப்பதைத் தடைசெய்து ஆணையிட்டார். காவலர்கள் காடுகளில் சோதனைக்கு இறங்கினார்கள். டிராம்ப்கள் தெருவில் இறங்கினார்கள். ஆணை 1935இல் விலக்கப்பட்டது. அரசியல் பேசாத ஒரு பொழுதுபோக்கு அரசியலாக்கப்பட்ட முதல் தருணம் இது. அதுவும் மக்களாட்சி நிலவிய காலத்தில் நடந்தது என்பதைப் பின்னால் வரும் விவாதத்தில் மறந்துவிடக்கூடாது.

குப்பை என்ற தீர்ப்பு

மிகப் பழைய விடை இதுதான்: இவை கலையே அல்ல, இளைஞரைக் கெடுக்கும் குப்பை. ஆசிரியர்களும் நூலகர்களும் திருச்சபையாரும் இதைச் சொன்னார்கள். கொலைக்கதை குற்றத்தைக் கற்பிக்கிறது, கவ்பாய்ப் பாட்டு நாட்டுப்பாடலை அழிக்கிறது என்பது வாதம். மொழியையும் நாட்டுப்புற மரபையும் நம்பித் தன் தேசத்தை மீட்டெடுத்த ஒரு சமூகத்தில், டெக்சாஸைப் பற்றிச் செக் மொழியில் பாடுவது உறுத்தியிருக்கும் என்பது புரிகிறது.

இடதுசாரிகளுக்குள் கருத்து பிளவுபட்டிருந்தது. சிலருக்கு டிராம்ப் என்பவன் தொழிலாளியின் இயல்பான ஓய்வு வடிவம். கெசா வ்செலிச்கா போன்ற இடதுசாரி எழுத்தாளர்கள் அந்த வாழ்க்கைக்குள்ளிருந்தே எழுதினார்கள். வேறு சிலருக்கு அது வர்க்கப் போராட்டத்திலிருந்து தொழிலாளியைத் திசைதிருப்பும் போதை. 1948இல் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சியைக் கைப்பற்றிய பின் இரண்டாம் கூட்டத்தின் குரலே ஆட்சியின் குரலாயிற்று. 1949ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் பதிப்பகங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மலிவு நாவல் வரிசைகளுக்கு அச்சு வாசலே அடைபட்டது. நூலக அலமாரிகள் களையெடுக்கப்பட்டன. பள்ளி ஆசிரியரின் முகச்சுளிப்பாக இருந்தது அரசின் தணிக்கையாக மாறியது. இரண்டின் சொற்களும் வியப்பூட்டும் அளவுக்கு ஒன்றாகவே இருந்தன.

இந்தத் தீர்ப்புக்கு எதிரான மிகச் சிறந்த மறுப்பு உள்நாட்டிலேயே முன்கூட்டி எழுதப்பட்டிருந்தது. 'ரோபோ' என்ற சொல்லை உலகுக்கு வழங்கிய நாடகத்தின் ஆசிரியர் கரெல் சாப்பெக், 1931இல் 'மார்சியாஸ்' என்ற தலைப்பில் இலக்கியத்தின் விளிம்பைப் பற்றிய கட்டுரைகளைத் தொகுத்தார். துப்பறியும் கதை, வேலைக்காரப் பெண்கள் படிக்கும் காதல் நாவல், பழமொழி, பிராகின் தெருப்பாடல் எல்லாம் அதில் இடம்பெற்றன. இவற்றை இகழாமல், பழங்காவியத்தின் வேட்டையும் நீதியும் இன்று ஒதுங்கியிருக்கும் இடங்களாகப் படித்தார். அவரே 1929இல் இரண்டு தொகுதி துப்பறியும் சிறுகதைகளை வெளியிட்டவர். வெளியிலிருந்து பரிவு காட்டிய விமர்சகர் அல்லர். கதையையும் பாட்டையும் ஒரே நூலுக்குள் வைத்துப் பார்த்தது அவருடைய பெரிய பங்களிப்பு என்பேன். செக் விமர்சனம் பிற்பாடு அந்த அகலத்தை எளிதில் எட்டவில்லை.

குப்பை என்ற தீர்ப்பின் குறை வெளிப்படை: அது வாசகரை நோயாளியாகப் பார்க்கிறது, நூலைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஆனால் சாப்பெக்கிடமும் ஒரு குறை உண்டு. வேட்டையும் நீதியும் மனிதனுக்கு எக்காலத்தும் வேண்டும் என்ற விளக்கம், ஒரு குறிப்பிட்ட நாட்டில் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் ஏன் ஒருவர் இதை எழுதினார் என்பதைச் சொல்லாது. 1938 டிசம்பரில் மறைந்த அவர், அந்தக் கேள்வி கூர்மையடைந்த காலத்தைப் பார்க்கவில்லை.

ஆட்சிக்கு வசதியான தப்பித்தல்

1968 ஆகஸ்டில் வார்சா ஒப்பந்தப் படைகள் நுழைந்தன. அடுத்த சில ஆண்டுகளில் பல்லாயிரவர் நாட்டைவிட்டு வெளியேறினர். தமிழறிஞராக நாம் அறிந்த கமில் சுவெலபிலும் அவர்களில் ஒருவர். தங்கியவர்களுக்கு 'இயல்புநிலையாக்கம்' என்ற பெயரில் இருபது ஆண்டுகள் காத்திருந்தன. 1975இல் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல், கட்சித் தலைவர் குஸ்தாவ் ஹுசாக்குக்கு ஒரு நீண்ட திறந்த மடல் எழுதினார். அதன் சாரங்களில் ஒன்று இது: பொதுவாழ்வின் கதவு அடைபட்டதால் மக்கள் தங்கள் ஆற்றலை வீட்டுக்கும் காருக்கும் வார இறுதிக் குடிலுக்கும் திருப்பிவிட்டார்கள், ஆட்சி அதை மனமுவந்து அனுமதிக்கிறது, ஏனென்றால் தோட்டத்தில் குனிந்திருப்பவன் சதுக்கத்தில் நிமிர்ந்து நிற்பதில்லை.

இந்தக் கோணத்தில் பார்த்தால் காட்டுப்பாட்டும் கொலைமர்ம நாவலும் அதே பட்டியலில் சேர்ந்துவிடும். வாதத்துக்குத் துணைநிற்கும் செய்திகளும் உண்டு. எல்லாச் சனிக்கிழமைகளும் விடுமுறையானது படையெடுப்பு நடந்த அதே 1968இல். துப்பறியும் வடிவத்தை ஆட்சியே கையிலெடுத்ததும் உண்மை. 1970களின் பிற்பாதியில் தொலைக்காட்சியில் ஓடிய 'மேஜர் ஜெமானின் முப்பது வழக்குகள்' தொடர் உள்துறை அமைச்சின் ஆதரவோடு தயாரானது. அதில் ஒரு பகுதி நீண்டமுடி ராக் இசைக்குழுவினரை விமானக் கடத்தல்காரர்களாகக் காட்டியது. இரண்டு கலைகளையும் ஒருசேரத் தாக்கிய ஏற்பாடு அது: துப்பறியும் கதை காவல்துறையின் கையில், இசைக்கலைஞன் குற்றவாளிக் கூண்டில். பொழுதுபோக்கு வடிவம் தன்னளவிலேயே விடுதலை தரும் என்று நம்புபவர்கள் இந்தத் தொடரைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

ஆனால் தப்பித்தல் வாதம் ஓரிடத்தில் தடுக்கி விழுகிறது. இவை ஆட்சிக்கு அத்தனை வசதியாக இருந்திருந்தால், ஆட்சி ஏன் இவற்றின்மேல் இவ்வளவு உழைப்பைச் செலவிட்டது? கிரீன்ஹார்ன்ஸ் என்ற புகழ்பெற்ற கன்ட்ரி இசைக்குழு ஆங்கிலப் பெயரை விட்டுச் செக் பெயருக்கு மாறவேண்டி வந்தது. ரேஞ்சர்ஸ் குழுவுக்கும் அதே கதிதான். மேடையேறத் தேர்வு, அனுமதி, பாடற்பட்டியல் சரிபார்ப்பு. டிராம்ப் கூட்டங்களில் காவலர் வந்து அடையாளச் சீட்டுக் கேட்பது வழக்கமாயிருந்தது. ஹாவெலின் கவனிப்பு கூர்மையானது, ஆனால் அது குடிலையும் கூட்டத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. குடிலுக்குள் குடும்பம் தனித்திருக்கிறது. தீயைச் சுற்றி முன்பின் அறியாதவர்கள் சேர்ந்து பாடுகிறார்கள். ஆட்சி அஞ்சியது இந்தச் சேர்க்கையைத்தான் என்று எண்ண இடமுண்டு.

எதிர்ப்பு என்ற விடை

1989இல் கம்யூனிஸ்ட் ஆட்சி விழுந்த பின் மிக எளிதாகப் பரவிய விடை இது. அதற்குச் சான்று சொல்லப் பெரிய பெயர்கள் இருந்தன. கரெல் க்ரில் 1969இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டுவிட்டு அவ்வாண்டே நாடுகடந்து, மியூனிக்கின் ஃப்ரீ யூரோப் வானொலியிலிருந்து பாடினார். யாரோஸ்லாவ் ஹுட்கா மொராவிய நாட்டுப்பாடல்களைப் புதுப்பித்துப் பாடினார்; 1978இல் நாட்டைவிட்டுப் போகும்படி நெருக்கப்பட்டார்; 1989 நவம்பரில் லெட்னா மைதானத்தில் கூடிய பெருங்கூட்டத்தின் முன் திரும்பிவந்து பாடினார். பிளாஸ்டிக் பீப்பிள் என்ற ராக் இசைக்குழுவைச் சேர்ந்தவர்கள் மீதான 1976ஆம் ஆண்டு வழக்குதான், மனித உரிமைகளைக் கோரிய 'சாசனம் 77' அறிக்கைக்கு உடனடித் தூண்டுதல். கிட்டாரும் சுதந்திரமும் ஒன்றே என்ற நினைவு இவற்றால் உறுதிப்பட்டது.

கதை எழுதியவர்கள் பக்கத்திலும் ஒரு வீரக்கதை உண்டு. யோசெஃப் ஷ்க்வொரெட்ஸ்கியின் முதல் நாவல் 1958இல் வெளிவந்து விரைவிலேயே தடைசெய்யப்பட்டது. பெயர் வெளியே வரக்கூடாத நிலையில் அவரும் கவிஞர் யான் சாப்ரானாவும் சேர்ந்து துப்பறியும் நாவல்கள் எழுதினார்கள். 1962இல் தொடங்கி அவை சாப்ரானாவின் பெயரில் மட்டும் வெளிவந்தன. தணிக்கையாளர் துப்பறியும் நாவலைப் பெரிதாக மதிக்காததே அதற்குள் நுழைய வழியாயிற்று. பின்பு ஷ்க்வொரெட்ஸ்கி தம் பெயரிலேயே, மனச்சோர்வு கொண்ட லெஃப்டினன்ட் போரூவ்காவைப் படைத்தார். 1969இல் கனடா சென்று, டொரொண்டோவில் மனைவி ஸ்டெனா சலிவரோவாவோடு தொடங்கிய பதிப்பகம் தடைசெய்யப்பட்ட செக் நூல்களின் புகலிடமாயிற்று.

இவை எல்லாம் உண்மை. ஆயினும் இவற்றை வைத்து முழு நிலத்தையும் அளக்க முடியாது. டிராம்ப் பாடல்களில் பெரும்பாலானவை ஆட்சியைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை. ரயில், ஆறு, பிரிந்த நண்பன், வராத பெண் ஆகியவற்றைப் பற்றியே பேசுகின்றன. போர்டா விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1967இல் ஆர்வலர்களின் முயற்சியால் பிறந்தது. 1980களில் பில்சன் நகரில் பல்லாயிரம் பேர் கூடும் பெருவிழாவாக வளர்ந்தபோது அதற்குமேல் விரிந்த குடை சோசலிச இளைஞர் சங்கத்தினுடையது. பிளாஸ்டிக் பீப்பிளின் வழிகாட்டியான இவான் மார்ட்டின் யிரோஸ் 1975இல் எழுதிய அறிக்கையில், 'இரண்டாம் பண்பாடு' அதிகாரப் பண்பாட்டோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். அவருடைய கோலால் அளந்தால் போர்டா முதல் படியிலேயே தோற்றுவிடும். அரசின் அச்சகத்தில் நூல் வெளியிட்ட ஒவ்வொரு துப்பறியும் எழுத்தாளரும் தோற்பார். எல்லோரையும் வீரராக்கும் விடை, உண்மையில் விலை கொடுத்தவர்களின் விலையைக் குறைத்துவிடுகிறது. எனக்கு இந்த விடையோடு உள்ள முதன்மையான மனத்தாங்கல் அதுவே.

சாம்பல் வட்டாரம்

நான்காம் விடையைத் தந்தவர் சமூகவியலாளர் யிர்ஜினா ஷிக்லோவா. பல்கலைக்கழக வேலையை இழந்து துப்புரவுப் பணி செய்தவர். புலம்பெயர்ந்தோர் நூல்களை ரகசியமாகக் கொண்டுவந்து சேர்த்ததற்காக 1981இல் கைதானவர். எதிர்ப்பாளர் அணியில் அவருடைய இடம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. 1990இல் வெளிவந்த கட்டுரையில் அவர் 'சாம்பல் வட்டாரம்' என்ற கருத்தை முன்வைத்தார். ஆட்சியாளருக்கும் எதிர்ப்பாளருக்கும் இடையில், தொழில் தெரிந்த, ஆட்சியை நம்பாத, ஆனால் வேலையை விடாத ஒரு பெருந்திரள் இருந்தது. எதிர்ப்பாளர்களுக்குக் காகிதமும் தகவலும் கிடைத்தது அவர்கள் வழியாக. 1989க்குப் பின் நாட்டை நடத்தப்போவதும் அவர்களே என்றார். மானுடவியலாளர் அலெக்ஸி யூர்சாக் 2005இல் சோவியத் யூனியனின் கடைசித் தலைமுறையைப் பற்றி எழுதிய நூலும் இதற்கு அருகில் வருகிறது: பலர் ஆட்சிக்கு ஆதரவாகவும் இல்லை, எதிராகவும் இல்லை, அதன் சடங்குகளை நிறைவேற்றிவிட்டு அதற்கு உள்ளேயே அதற்கு வெளியே வாழ்ந்தார்கள் என்பது அவர் வாதம்.

இது நடைமுறைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஓர் ஏற்பாட்டைப் பார்த்தால் உணரலாம். இசைத்தொழில் உரிமம் இல்லாத ஒரு குழு பொதுமேடையில் பாட வேண்டுமென்றால் அதற்கு ஒரு புரவலர் அமைப்பு வேண்டும்: ஆலையின் மனமகிழ் மன்றம், மாவட்டப் பண்பாட்டு இல்லம், இளைஞர் சங்கக் கிளை, ஏதோ ஒன்று. குழுவின் முத்திரையும் பொறுப்பும் அந்த அமைப்பிடம். அங்கே உட்கார்ந்திருக்கும் அலுவலர் நல்லவராக வாய்த்தால் பாடற்பட்டியலைப் பார்த்தும் பாராமலும் கையெழுத்திடுவார். அஞ்சினால் குழுவே கலைந்துபோகும். அறிவியல் புனைகதை வாசகர் மன்றங்களும் இதே வழியில்தான் உயிர்பிழைத்தன. 1982இல் அவை தங்களுக்கென ஆண்டு மாநாட்டையும் கரெல் சாப்பெக் பெயரில் ஒரு பரிசையும் தொடங்கிவிட்டன. ஆக, விழாவின் வரலாறும் மன்றத்தின் வரலாறும் இந்தச் சிறு அலுவலர்களின் வரலாறும்கூட. அவர்களை வீரர் என்றோ கோழை என்றோ ஒரே சொல்லில் அடைக்க முடியாது.

சாம்பல் வட்டாரக் கருத்தின் பலவீனம் அதன் வசதியிலேயே இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லோருக்கும் பொருந்தும் பெயர் எவரையும் விளக்காது. அதோடு, இந்தக் கருத்தும் மனிதரை ஆட்சியிடமிருந்து உள்ள தூரத்தை வைத்தே அளக்கிறது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் இன்னொரு நிறத்தைச் சேர்க்கிறதே தவிர, அளவுநாடாவை மாற்றவில்லை. குபாட் ஆணையை நினைத்துப் பார்த்தால் இதன் குறை விளங்கும். கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு 17 ஆண்டுகள் முன்பே டிராம்ப்கள் காவலரோடு மோதியிருக்கிறார்கள். அந்த ஆட்சி விழுந்த பிறகும் கூடாரமடிக்கிறார்கள். ஆட்சிக்கு முன்னும் பின்னும் தொடரும் ஒன்றை அந்த ஆட்சிக்கான மறுமொழியாக மட்டும் விளக்குவது போதாது.

கைத்தொழிலின் பக்கமிருந்து

இங்கே வேறொரு வழி இருப்பதாகக் கருதுகிறேன். அந்த மனிதர்கள் என்ன செய்தார்கள் என்பதை அருகில் போய்ப் பார்ப்பது.

1964இல் அமெரிக்கப் பாடகர் பீட் சீகர் பிராகில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். அவர் கையிலிருந்தது நீண்ட கழுத்துள்ள ஐந்து தந்தி பாஞ்சோ. அப்படியொரு கருவி செக்கோஸ்லோவாக்கியாவில் வாங்கக் கிடைக்காது. இளம் இசைக்கலைஞர் மார்கோ செர்மாக், சீகரின் புகைப்படங்களை வைத்து அளவுகளைக் கணித்து அதுபோன்ற ஒன்றைத் தாமே செய்துகொண்டார். வாசிக்கும் முறையையும் கேட்டுக் கேட்டே கற்றார். கிரீன்ஹார்ன்ஸ் குழுவின் ஓசையை அடையாளப்படுத்தியது அந்த பாஞ்சோ வாசிப்பு. இதே செர்மாக் ஓவியரும்கூட: யாரோஸ்லாவ் ஃபோக்லாரின் புகழ்பெற்ற சிறுவர் சித்திரக்கதையான 'வேக அம்புகள்' வரிசையின் பிற்காலப் பகுதிகளை வரைந்தவர் அவர்தான். ஆக, ஹுரிகான், செர்மாக், வெலின்ஸ்கி என்று மூன்று முறை, சாகசக் கதையும் காட்டுப்பாட்டும் ஒரே கையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

ஏன்? இரண்டும் ஒரே வகைக் கைத்தொழில் என்பது ஒரு காரணமாயிருக்கலாம். டிராம்ப் பாட்டுக்கு மூன்று நான்கு கார்டுகள், எல்லோரும் சேர்ந்துகொள்ளும் பல்லவி, இரண்டாம் குரலுக்கு இடம். துப்பறியும் கதைக்கு ஒரு பிணம், ஒரு வட்டம், வாசகருக்கு நேர்மையாக விடப்பட்ட தடயங்கள். இரண்டிலும் வடிவம் முன்கூட்டியே தெரிந்தது. கலைஞரின் திறமை அந்த வடிவத்துக்குள் எப்படி நடக்கிறார் என்பதில். இரண்டிலும் கேட்பவரும் படிப்பவரும் விதிகள் தெரிந்த பங்காளிகள்: நான்காம் வரியில் அவர்களும் பாடுவார்கள், நூறாம் பக்கத்தில் அவர்களும் ஊகிப்பார்கள். படைப்பாளர் மேலே, மக்கள் கீழே என்ற ஏற்பாடு இங்கு இல்லை. 'மக்கள் கலை' என்று ஆட்சி மேடைதோறும் பேசியது. உண்மையான மக்கள் கலை அதன் கண்ணெதிரே கையெழுத்துப் பாட்டுநோட்டுகளில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் படியெடுக்கப்பட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவற்றில் பல பாட்டுகளுக்கு ஆசிரியர் யாரென்றே பாடுபவர்களுக்குத் தெரியாது.

இந்தப் பார்வையிலும் ஆபத்து இல்லாமலில்லை. கைத்தொழிலைப் போற்றிப் போற்றி அரசியலை மறந்துவிடலாம். மேஜர் ஜெமான் தொடரை எழுதியவர்களும் கைதேர்ந்தவர்கள்தாம். எனவே தொழில்திறனோடு இன்னொரு கேள்வியையும் கேட்கவேண்டும்: கதையில் உண்மையைக் கண்டுபிடிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது? ஜெமான் தொடரில் அது கட்சிக்கும் காவல்துறைக்கும் மட்டுமே உரியது. போரூவ்காவோ காவல்துறைக்குள் இருந்தபடியே தாம் கண்ட உண்மையைச் சுமந்து வருந்துகிறார். குற்றம் துலங்கியதால் உலகம் சரியாகிவிடவில்லை என்று அவருக்குத் தெரியும். அந்த வேறுபாடு ஆசிரியரின் வாக்குமூலத்தில் கிடைக்காது, கதையின் கட்டுமானத்தில் கிடைக்கும். பாட்டிலும் இவ்வாறே: சொல்லில் அரசியல் இல்லாவிட்டாலும், யார் அனுமதியோடு யார் யாரோடு சேர்ந்து பாடினார்கள் என்பதில் இருக்கக்கூடும்.

இன்னும் தீராதவை

நான்கு விடைகளையும் எடைபோட்டால், குப்பை என்ற தீர்ப்பைக் கைவிடலாம் என்றே தோன்றுகிறது. தப்பித்தல் என்பது பாதி உண்மை; எதிர்ப்பு என்பது சிலரைப் பொறுத்தவரை முழு உண்மை, பலரைப் பொறுத்தவரை பின்னாளில் போர்த்திய பொன்னாடை. சாம்பல் வட்டாரம் தொடங்குவதற்கு நல்ல இடம், ஆனால் அங்கேயே நின்றுவிடக்கூடாது.

தீராத கேள்விகளில் முதலாவது பெண்களைப் பற்றியது. குபாட் ஆணை குறிவைத்தது ஆணும் பெண்ணும் சேர்ந்து தங்குவதை. ஆக, தொடக்கத்திலிருந்தே பெண்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் அச்சில் வந்த பாடல்களில் பெண் பெரும்பாலும் பாடப்படுபவள். பாடியவர்களாகவும் எழுதியவர்களாகவும் ஆண்களின் பெயர்களே முன்னால் நிற்கின்றன. தீயருகே அவர்கள் பாடியது எது, அவர்களுடைய நோட்டுகளில் எழுதியது எது என்பது வரலாறாகத் தொகுக்கப்பட வேண்டியிருக்கிறது. இரண்டாவது, 1990க்குப் பிந்திய நிலை. தணிக்கை போனதும் மொழிபெயர்ப்புத் துப்பறியும் நாவல்களும் வெளிநாட்டு இசையும் சந்தையை நிரப்பின. பற்றாக்குறையில் தழைத்த ஒரு பண்பாடு மிகுதியில் என்னவாகிறது என்ற கேள்விக்கு, டிராம்ப் குடியிருப்புகள் இன்றும் இருக்கின்றன என்ற பதில் மட்டும் போதாது.

மூன்றாவது, வெலின்ஸ்கி போன்ற ஒருவரைப் படிக்கும் முறை. அவருடைய நாவல்களைத் துப்பறியும் இலக்கிய ஆய்வாளரும் பாடல்களை இசை ஆய்வாளரும் தனித்தனியே எடுத்துச்சென்றால், 34 வயதில் ஒரு விழாவைக் கட்டியெழுப்பிய அந்த ஆற்றல் இரண்டிலும் எப்படி ஓடியது என்பது பிடிபடாது. ஒரே மேசையில் இரண்டையும் வைக்க வேண்டும். அதற்குத் தேவையான சான்றுகளில் ஒருபகுதி காவல்துறைக் கோப்புகளில் இருக்கிறது. அந்தக் கோப்புகளை இப்போது ஆய்வாளர்கள் பார்க்கலாம். ஆனால் அவை வேவு பார்த்தவனின் கண்ணால் எழுதப்பட்டவை. மறுபகுதி ஆலை மன்றங்களின் கணக்கேடுகளிலும், குடியிருப்புகளின் நிகழ்வுக் குறிப்பேடுகளிலும், தனியார் வீடுகளில் கிடக்கும் பாட்டுநோட்டுகளிலும் இருக்கிறது. 1960களில் அவற்றை எழுதியவர்கள் இன்று முதியவர்கள். எந்தப் பாட்டு எந்த ஆண்டில் எந்த ஊரில் முதலில் எழுதப்பட்டது, யாருடைய கையெழுத்தில் எந்தச் சொல் மாறியது என்பவற்றை நோட்டுநோட்டாக ஒப்பிட்டுப் பார்க்கும்வரை, தப்பித்தலா எதிர்ப்பா என்ற வழக்கில் இரு தரப்பும் சாட்சிகளை விசாரிக்காமலே வாதாடுவதாகத்தான் கொள்ளவேண்டும்.